தங்கத் தோலுக்குள் செம்பு: கெல்டிக் காசுகளில் அன்றைய கள்ளமும் இன்றைய கள்ளமும்

கேள்வி இதுதான்: "குனோபெலின் பெயர் பொறித்த தங்க ஸ்டேட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடை 4.1 கிராம்தான். ஓரத்தில் பச்சையாக ஏதோ பிதுங்கி நிற்கிறது. 'இது அந்தக் காலத்திலேயே அடித்த கள்ளக்காசு, ஆகவே பழம்பொருள்தான்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?"

குனோபெலின், ரோமர் கைப்பற்றுமுன் தென்கிழக்கு பிரிட்டனை ஆண்ட கெல்டிக் அரசர். ஸ்டேட்டர் என்பது அன்றைய ஒரு காசு வகை. விற்பவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ரோமருக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் பரவியிருந்த கெல்டிக் மக்கள் காசு அடித்த காலம் நெடுகிலும் கள்ளக்காசும் கூடவே புழங்கியது. உள்ளே செம்பு, மேலே தங்கத் தோல் என்று 2,000 ஆண்டுகளுக்கு முன் செய்த காசுகள் தென்கிழக்கு இங்கிலாந்தின் வயல்களில் இன்றும் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், எடை குறைந்த இன்றைய போலிக்கும் இதே விளக்கத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனவே கேட்க வேண்டிய கேள்வி "கள்ளக்காசா?" என்பதல்ல, "யார் காலத்துக் கள்ளக்காசு?" என்பது.

பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அன்றைய கள்ளன் ஏமாற்ற நினைத்தது, சந்தையில் காசைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பவனை. இன்றைய கள்ளன் ஏமாற்ற நினைப்பது, லென்ஸும் தராசும் வைத்திருப்பவனை. முன்னவன் உலோகத்தில் பிடிபடுவான். பின்னவன், இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததன் அடையாளத்தைக் காட்ட முடியாமல் பிடிபடுவான்.

முதலில் நல்ல காசு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். மேற்கு ஐரோப்பாவின் கெல்டிக் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றின் மூதாதை, மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் (ஆட்சி பொ.ஆ.மு. 359–336) அடித்த தங்க ஸ்டேட்டர். ஒரு பக்கம் இலைமாலை சூடிய அப்பல்லோ தலை, மறுபக்கம் இரட்டைக் குதிரைத் தேர், எடை 8.6 கிராம். கூலிப்படை வீரர்கள் வழியாக வடக்கே போன இந்தக் காசைக் கெல்டிக் கம்மியர்கள் தங்கள் கண்ணில் பட்டபடி திரும்ப வெட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அப்பல்லோவின் முகம் கரைந்து, இலைமாலையும் சுருள்முடியும் மட்டும் கோலம்போல நின்றது. தேர் போய் ஒற்றைக் குதிரையும் ஒரு சக்கரமும் மிஞ்சின. எடையும் மாற்றும் (அதாவது தங்கத்தின் தரமும்) கூடவே இறங்கின. ஜூலியஸ் சீசர் கால் (Gaul, ஏறத்தாழ இன்றைய பிரான்ஸ்) நாட்டில் போர் நடத்திய பொ.ஆ.மு. 50களில் ஸ்டேட்டர் 6 கிராமை ஒட்டி வந்துவிட்டது. பிரிட்டனில் குனோபெலின் (ஏறத்தாழ பொ.ஆ. 10–40) காலத்தில் 5.4 கிராம், அதில் தங்கம் ஏறத்தாழ 40 விழுக்காடுதான். மீதி வெள்ளியும் செம்பும். அதனால்தான் அவர் காசுகள் செக்கச் சிவந்த தங்கமாகத் தெரியும்.

குனோபெலின் ஸ்டேட்டரின் முன்பக்கம் ஒரு தானியக் கதிர். அதன் இருபுறமும் "கா" ஒரு பக்கம், "மு" ஒரு பக்கம் என்று லத்தீன் எழுத்தில் பிரித்துப் பொறித்திருக்கும். காமுலோடுனும், அதாவது இன்றைய கோல்செஸ்டர், என்பதன் சுருக்கம் அது. பின்பக்கம் குதிரை, அதன் கீழே "குனோ". காசு தட்டையாக இராது. முன்பக்கம் லேசாகப் புடைத்தும் பின்பக்கம் குழிந்தும் இருக்கும்.

மாற்றுக் குறைவு வேறு, கள்ளம் வேறு

இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஜெர்சி தீவில் 2012இல் லெ காட்டியோன் என்ற இடத்தில் ஏறத்தாழ 70,000 காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை, இன்றைய வடமேற்குப் பிரான்ஸில் வாழ்ந்த கோரியோசொலைட்ஸ் என்ற கெல்டிக் மக்களுடைய ஸ்டேட்டர்கள். அவை வெள்ளியில் செம்பை நிறையக் கலந்த உலோகம். மண்ணிலிருந்து எடுத்தபோது குவியல் முழுக்கக் களிம்பேறிப் பச்சையாக இருந்தது. பார்த்தவர்கள் செம்புக் காசு என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒன்றுகூடக் கள்ளம் என்று அதனால் ஆகிவிடாது. அவர்கள் அதிகாரப்பூர்வமாக அடித்த உலோகமே அது. தென்மேற்கு இங்கிலாந்தின் டுரோட்ரிஜிஸ் மக்களும் அப்படித்தான்: வெளிறிய தங்கத்தில் தொடங்கி, வெள்ளிக்கு இறங்கி, கடைசியில் பெரும்பகுதி செம்பாகவே ஸ்டேட்டர் அடித்தார்கள்.

வேறுபாடு இங்கே இருக்கிறது. மாற்றுக் குறைந்த காசை வெட்டினால் மேலிருந்து உள்வரை ஒரே கலவை. கள்ளக்காசை வெட்டினால் தோல் ஒன்று, சதை ஒன்று.

தோலை எப்படிப் போர்த்தினார்கள்

அன்றைய காசுச் சாலை வேலையை அறிந்தால் கள்ளனின் வேலையும் விளங்கும். களிமண் தட்டில் வரிசையாகக் குழிகள் இட்டு, ஒவ்வொன்றிலும் நிறுத்த உலோகத்தைப் போட்டு உருக்கி உருண்டையாக்குவார்கள். இந்தக் குழித்தட்டுகள் ஜெர்மனியின் மாங்கிங்கிலும், இங்கிலாந்தில் வெருலாமியம், பிராஃபிங் போன்ற இடங்களிலும் உடைசல்களாகக் கிடைத்திருக்கின்றன. உருண்டையைத் தட்டி வில்லையாக்கி, சூடாக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தால் காசு.

கள்ளன் தங்க வில்லைக்குப் பதிலாகச் செம்பு வில்லை எடுத்துக்கொண்டான். அதன்மேல் தங்கத் தகட்டை, ரேக்கைவிடச் சற்றுத் தடிப்பாக, இரு பக்கமும் போர்த்தினான். ஒரு பக்கத் தகடு கொஞ்சம் பெரிது. அதன் விளிம்பை ஓரத்தைச் சுற்றி மடித்து மறுபக்கத் தகட்டின்மேல் ஏற்றுவான். பிறகு உலையில் சூடு. அதன்பின் அச்சில் அடி.

நுட்பம் எல்லாம் அந்தச் சூட்டில் இருக்கிறது. வெள்ளி 962 பாகை செல்சியஸில் உருகும், செம்பு 1085இல். ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வெள்ளி 72, செம்பு 28 என்ற விகிதம் உருவானால், அந்தக் கலவை 780 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே செம்பின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால், இரண்டு உலோகமும் உருகாமலேயே நடுவில் ஒரு மெல்லிய படலம் உருகித் தானாகவே பற்றிக்கொள்ளும். பொடி வைத்துப் பற்றவைக்கும் தேவையே இல்லை. தங்கத்துக்கும் செம்புக்கும் இதேபோல ஒரு தாழ்ந்த புள்ளி உண்டு, ஏறத்தாழ 910 பாகை. தங்கத் தகட்டில் வெள்ளி கலந்திருந்தால் இன்னும் கீழே இறங்கும்.

தெர்மாமீட்டர் இல்லாத காலம். உலையின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சூடு போதாவிட்டால் தகடு ஒட்டாது. அச்சில் அடித்ததும் தோல் உப்பிக் கழன்றுவிடும். சூடு மிஞ்சினால் மேல்தோல் முழுவதும் உருகிச் செம்புக்குள் போய்விடும். காசு கரும்பழுப்பாக, இருந்த தங்கமும் வீணாகி நிற்கும். இந்தக் குறுகிய இடைவெளியில் வேலையை முடித்தவர்கள் தேர்ந்த பொற்கொல்லர்கள்தான். கள்ளக்காசு என்றதும் அரைகுறை வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரைகல்லும் இந்தக் காசைப் பிடிக்காது. உரைப்பது மேல்தோலைத்தானே? தோல் நல்ல தங்கம். கல்லில் நல்ல கோடே விழும். அதனால்தான் சந்தேகம் வந்தவன் உளியால் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தான். சில காசுகளில் அந்த வெட்டு இன்றும் தெரிகிறது, அடியில் பச்சை ஏறிய செம்போடு.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

அச்சில் அடிபடும்போது வில்லை பரவுகிறது, தோல் இழுபட்டு மெலிகிறது. மிகவும் மெலிவது இரண்டு இடங்களில்: ஓரத்தில், பிறகு புடைப்பின் உச்சியில். குனோபெலின் காசில் கதிரின் நடுத்தண்டும் குதிரையின் தோளும் அந்த உச்சிகள். புழக்கத்தில் தேய்ந்து முதலில் செம்பு தெரிவதும் அங்கேதான்.

அப்படி ஓர் ஊசித்துளை விழுந்து, காசு ஈர மண்ணில் கிடந்தால் போதும். தங்கமும் செம்பும் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் இருப்பது ஒரு சிறு பேட்டரி போன்றது. தங்கம் அசையாது, செம்பு மட்டும் விரைவாக அரிக்கப்படும். அரிக்கப்பட்ட செம்பு கூடுதல் இடம் கேட்கும்: செம்பு சிவப்பு ஆக்சைடாக மாறினாலே கன அளவு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆகிறது, பச்சைக் களிம்பாக மாறினால் இன்னும் அதிகம். அந்த அழுத்தத்தில் தோல் உள்ளிருந்து கொப்புளமாக எழும்பி வெடிக்கிறது. வெடித்த வாயில், தகட்டின் கிழிந்த விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். அதன் அடியில் முதலில் சிவப்புப் படலம், அதன்மேல் இறுகிய பச்சை.

இந்த வெடிப்பை 10 மடங்கு லென்ஸில் ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். நான் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன். தகட்டின் தடிப்பு ஒரு படிக்கட்டுபோலக் கண்ணுக்குத் தெரியும். கிழிசலின் இரு கரைகளையும் மனத்தால் சேர்த்துப் பார்த்தால் பொருந்தும். ஓரத்தில் ஒரு தகடு இன்னொன்றின்மேல் ஏறிய கோடும் அங்கங்கே புலப்படும்.

பிறகு வில்லையின் ஓரத்தில் உள்ள வெடிப்புகளைப் பாருங்கள். அச்சடிக்கும்போது வில்லை ஓரத்தில் பிளப்பது இயல்பு. அன்றைய கள்ளன் தோலைப் போர்த்திய பிறகே அடித்தான். ஆகவே பிளவுக்குள் தங்கம் இராது, செம்பே தெரியும். இன்றைய கள்ளன் பெரும்பாலும் காசை முதலில் உருவாக்கிவிட்டு, பிறகு மின்முலாம் பூசுகிறான். முலாம் நீர்போலப் பிளவுக்குள்ளும் போய்ப் படிந்திருக்கும். குழிகளிலும், தேய்ந்ததுபோலக் காட்டிய இடங்களிலும்கூட ஒரே சீராகத் தங்கம் இருக்கும். படிக்கட்டும் இராது, மடிப்பும் இராது, மேலேறிய கோடும் இராது. பிளவின் அடியில் தங்கம் மின்னினால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தராசு சொல்வது

தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, செம்பு 8.96. நாற்பது விழுக்காடு தங்கம், இருபது வெள்ளி, நாற்பது செம்பு என்று வைத்தால் கலவையின் அடர்த்தி 11.8 வரும். 5.4 கிராம் காசின் கன அளவு 0.456 கன சென்டிமீட்டர். அதே அச்சு, அதே பருமன், ஆனால் உள்ளே செம்பு என்றால் அடர்த்தி 9.1 அளவுக்கு இறங்கி, எடை 4.15 கிராம் ஆகிவிடும். நீங்கள் சொன்ன 4.1 கிராம் இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்காருகிறது. எடையைக் குறைக்காமல் 5.4 கிராமுக்கே கொண்டுவர நினைத்தால் காசு 30 விழுக்காடு தடித்துப்போகும். கையில் எடுத்ததும் தெரியும். அன்றைய கள்ளன் இந்த இரண்டில் ஒன்றை ஏற்றே ஆக வேண்டியிருந்தது.

வெள்ளிக் காசில் அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல வெள்ளிக்கும் செம்பு உள்ளீட்டுக்கும் கன அளவு வேறுபாடு 13 விழுக்காடு அளவுதான். கிழக்கு இங்கிலாந்தின் ஐசினி மக்களுடைய 1.2 கிராம் வெள்ளிக் காசில் அது கண்ணுக்கே தெரியாது. முலாம் வெள்ளியை எடையால் பிடிக்கப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். நகைத் தராசின்மேல் ஒரு சிறு குவளைத் தண்ணீரை வைத்துச் சுழியம் ஆக்குங்கள். தண்ணீர் அறைச் சூட்டில் இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் காற்றுக்குமிழி ஒட்டாது. காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணே காசின் கன அளவு. காற்றில் உள்ள எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 5.40 கிராம் காசுக்கு 0.46 வந்தால் 11.7, நல்ல காசின் எல்லைக்குள்தான். 4.10 கிராம் காசுக்கு 0.45 வந்தால் 9.1, உள்ளே செம்பு.

இதில் தவறுகள் நேரும் இடங்கள் உண்டு. 0.01 கிராம் தராசில் ஸ்டேட்டரைச் சோதிக்கலாம், சிறு வெள்ளிக் காசைச் சோதிக்கக் கூடாது. 1.2 கிராம் வெள்ளிக்கு நல்லது 0.12 காட்டும், கள்ளம் 0.13 காட்டும், தராசின் தடுமாற்றமே அவ்வளவு. அதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும். கொப்புளம் வெடித்த காசில் உள்ளே காற்று அடைபட்டு அடர்த்தி குறைத்துக் காட்டும். தங்கம் 40 விழுக்காடாகவே இருந்தாலும் மீதி முழுவதும் வெள்ளியா செம்பா என்பதைப் பொறுத்து அடர்த்தி 12.8இலிருந்து 11.4 வரை மாறும். எனவே அடர்த்தியிலிருந்து மாற்றைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு பொறி மிகவும் ஆபத்தானது: ஈயம். அதன் அடர்த்தி 11.3. முலாம் பூசிய ஈயக் காசு 5.4 கிராமில் 0.47 அல்லது 0.48 காட்டும். குனோபெலின் ஸ்டேட்டரின் 0.46க்கு அது மிக அருகில். மற்ற காசுகளுக்கு நல்ல காவலாக இருக்கும் இந்தச் சோதனை, மாற்றுக் குறைந்த இந்தக் குறிப்பிட்ட காசுக்கு மட்டும் ஈயத்தைத் தப்பவிடும். ஆனால் ஈயம் 327 பாகையில் உருகிவிடும். தகடு போர்த்தி உலையில் பற்றவைக்கவே முடியாது. ஆகவே ஈயத்தின்மேல் தங்கம் என்றால் மேலே பார்த்த மடிப்பும் படிக்கட்டும் கட்டாயம் இல்லாமல் போகும். தராசும் லென்ஸும் சேர்ந்தே பேச வேண்டும்.

இன்றைய போலிகள்

வார்ப்புப் போலி பழைய முறை. நல்ல காசை அச்சுமண்ணில் பதித்து வார்ப்பது. ஆறும்போது உலோகம் சுருங்குவதால் விட்டம் ஓரிரு விழுக்காடு குறையும். எழுத்தின் விளிம்புகள் சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும். வெற்றிடத்தில் வட்டமான நுண்துளைகள் இருக்கும். ஓரத்தில் வார்ப்புக்கோட்டை அரத்தால் ராவிய தடமும் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கென்ட் பகுதியின் போட்டின் காசுகள் உண்மையாகவே வார்க்கப்பட்டவை. மசாலியாவின் (இன்றைய மார்சே) வெண்கலக் காசைப் பார்த்து, ஒரு பக்கம் அப்பல்லோ தலை, மறுபக்கம் முட்டும் காளை என்று, தகரம் மிகுந்த வெண்கலத்தில் சரம்சரமாக வார்த்து, பிறகு ஒவ்வொன்றாக ஒடித்தார்கள். ஒடித்த காம்பு இரு ஓரத்திலும் துருத்தி நிற்கும், வார்ப்புக்கோடும் இருக்கும். வார்ப்புத் தடம் கண்டதும் போலி என்று போட்டினை ஒதுக்குவது தவறு. காம்பே இல்லாமல் ஓரம் முழுக்க வழவழப்பாக இருந்தால்தான் அங்கே சந்தேகப்பட வேண்டும்.

அருங்காட்சியகப் படிகள் இன்னொரு வகை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி செய்த மின்படிவுப் படிகள் அற்புதமான வேலை. செம்பால் இரு ஓடுகள் செய்து, நடுவில் ஈயம் போன்ற ஒன்றை நிரப்பி ஒட்டி, மேலே முலாம் பூசியவை. ஆய்வுக்காகச் செய்தவை, ஏமாற்ற அல்ல. ஓரத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் "ஆர் ஆர்" என்று இருக்கும். அந்த எழுத்தை ராவிவிட்டு விற்பவர்கள் உண்டு. தங்கத்துக்கு அடியில் செம்பு தெரிவதால் இதை அன்றைய முலாம் காசு என்று நினைத்துவிடலாம். ஓரம் காட்டிக்கொடுக்கும்: சுற்றளவு முழுக்க நடுமையத்தில் நேரான ஒற்றைக்கோடு. அன்றைய தகட்டு மடிப்பு ஒருபோதும் அவ்வளவு நேராகப் போகாது.

பிடிக்கச் சிரமமானது, நல்ல காசிலிருந்தே எஃகு அச்சு எடுத்து அழுத்தப் பொறியில் அடித்த போலி. உலோகமும் எடையும் சரியாகவே இருக்கலாம். இதில் மாட்டுவது, மூலக்காசின் காயங்கள். மூலக்காசில் இருந்த கீறல், ஓரப் பிளவு, தேய்மானம் எல்லாம் அச்சுக்குள் போய், ஒவ்வொரு போலியிலும் அதே இடத்தில் திரும்ப வரும். பிளவுபோலத் தெரியும், ஆனால் மறுபக்கம் வரை போகாது. இரண்டு வெவ்வேறு காசுகளில் ஒரே கீறல் இருக்க வழியே இல்லை. எனவே ஒரே அச்சின் பல காசுகளைப் படத்தில் ஒப்பிடுவதே மருந்து. ஆக்ஸ்ஃபோர்டில் 1961இல் தொடங்கிய கெல்டிக் நாணய அட்டவணையும், 1997 முதல் இங்கிலாந்து வயல்களில் கிடைப்பவற்றைப் பதியும் கையடக்கத் தொல்பொருள் திட்டத்தின் பதிவுகளும் இதற்குக் கிடைக்கும். எழுத்தின் வடிவத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள்: குதிரையின் முன்னங்காலுக்கும் "கு"வுக்கும் நடுவில் எவ்வளவு, கதிரின் கடைசி மணி எந்த எழுத்துக்கு நேர் என்று.

போலிப் பச்சையும் உண்டு. பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் லேசாகத் தேய்த்தால் சாயப்பச்சை பஞ்சில் இறங்கும். பற்குச்சியால் நெருடினால் மாவாக உதிரும். உண்மையான களிம்பு கெட்டி, அடியில் அந்தச் சிவப்புப் படலம் இருக்கும். சிவப்பே இல்லாமல் பளபளத்த செம்பின்மேல் நேரடியாகப் பச்சை என்றால் அமிலம் வைத்து வரவழைத்தது.

"எக்ஸ்ஆர்எஃப் பார்த்தாயிற்று, தங்கம் 45 விழுக்காடு" என்று ஒரு தாளை நீட்டினால் மயங்க வேண்டாம். எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகக் கலவையை அளக்கும் சோதனை. கையடக்கக் கருவியின் கதிர் இவ்வகை உலோகத்தில் மேலோட்டமாக, மைக்ரான் கணக்கில்தான் இறங்கும். தடித்த தகட்டுக்கு அடியில் உள்ள செம்பை அது பார்க்கவே பார்க்காது. நல்ல காசிலோ மண்ணில் கிடந்து மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்துபோயிருப்பதால், உள்ளே இருப்பதைவிடக் கூடுதல் தங்கம் காட்டும். வெடிப்பு வாயில் ஒன்று, நல்ல தோலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பார்த்த அளவே பயன்படும். தங்கத்தில் வெள்ளியே இல்லை என்று வந்தால் அது இன்றைய சுத்திகரிப்புத் தங்கம். காட்மியம் தென்பட்டால் இன்றைய பற்றுப்பொடி. துத்தநாகத்தை மட்டும் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லாதீர்கள். ரோமப் பித்தளை குனோபெலின் காலத்துக்குள் பிரிட்டனுக்கு வந்துவிட்டது.

அன்று யார் அடித்தார்கள்?

சில முலாம் காசுகளின் அச்சு, நல்ல காசுகளின் அச்சோடு அப்படியே பொருந்துகிறது. இதை வைத்து, அரசனே முலாம் காசு அடித்தான் என்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தங்கத்தைச் சிக்கனப்படுத்த அரசனிடம் எளிய வழி ஏற்கெனவே இருந்தது: கலவையில் செம்பைக் கூட்டினால் போதும், அதைத்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். ஒவ்வொரு வில்லைக்கும் தகடு வெட்டி மடித்துப் பற்றவைக்கும் வேலை, பெரிய அளவில் காசு அடிக்கும் சாலைக்கு ஒத்துவராது. அச்சு வெளியே போயிருக்கலாம், சாலைக்காரனே இரவில் அடித்திருக்கலாம், நல்ல காசைப் பதித்தே அச்சு செய்திருக்கலாம். பொருந்தாத, எழுத்துப் பிழையுள்ள அச்சுகளும் நிறைய இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே கையில் கட்டுவது பொருந்தாது.

இங்கிலாந்தின் பழைய கோயில் தலங்களிலும் முலாம் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஏமாந்து வாங்கியவன் சந்தையில் தள்ள முடியாமல் சாமிக்குப் போட்டானா, தெரிந்தே போட்டானா என்பது காசைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. ஆனால் அது எங்கே கிடந்தது என்ற குறிப்பு இருந்தால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும். சர்ரேயில் வான்பரோ கோயில் தலத்தை 1980களில் கொள்ளையர்கள் தோண்டிக் காசுகளை உலகெங்கும் சிதறடித்தார்கள். அவற்றின் இடக்குறிப்பு ஒரேயடியாகப் போய்விட்டது. மாங்கிங் அருங்காட்சியகத்திலிருந்து 2022 நவம்பரில் 483 கெல்டிக் தங்கக் காசுகள் திருடப்பட்டன. மீண்டு வந்ததில் உருக்கிய தங்கக்கட்டிகளும் இருந்தன. எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுக்கும் காசை வாங்குவதில் இப்படியொரு பங்கும் இருக்கிறது.

முலாம் காசு குப்பை என்று ஒதுக்கவும் வேண்டாம். கள்ள தெனாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) ஒன்றை மாதிரிக்காகப் பல நல்ல தெனாரியஸ் கொடுத்து வாங்குகிறார்கள் என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி பொ.ஆ. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

உங்கள் காசுக்கு வருவோம். 4.1 கிராம் என்பது அன்றைய முலாம் காசுக்கு ஏற்ற எடை, அதுமட்டும் போதாது. விற்பவரிடம் மூன்று வகைப் படம் கேளுங்கள்: ஓரத்தைச் சுற்றி நான்கு கோணத்தில், அந்தப் பச்சைப் பிதுக்கலின் நெருக்கப் படம், ஓரப் பிளவு இருந்தால் அதன் உள்பக்கம். தகடு வெளிப்பக்கம் மடிந்து, அடியில் சிவப்பும் அதன்மேல் பச்சையும் இருந்து, பிளவுக்குள் தங்கம் இல்லாவிட்டால் வாங்கலாம். விலை நல்ல ஸ்டேட்டரின் விலையில் சிறு பங்காக இருக்க வேண்டும். கிடைத்த இடத்தின் குறிப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்கு வந்ததும் அதைக் கழுவாதீர்கள். எலுமிச்சைச் சாறு, புளி, சிட்ரிக் அமிலம், அல்ட்ராசோனிக் தொட்டி எதுவும் வேண்டாம். தோலைத் தாங்கிக்கொண்டிருப்பதே அந்தக் களிம்புதான்; அதைக் கரைத்தால் தங்கம் சருகுபோலக் கழன்று விழும். அடர்த்திச் சோதனை செய்திருந்தால், காசைச் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் போட்டு ஈரத்தை வெளியேற்றி உலரவிடுங்கள். பிவிசி உறையில் வைக்காமல் பாலியெஸ்டர் உறையில், சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி மூடிய டப்பாவில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வெடிப்பு வாயில் வெளிர்பச்சைத் தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் உள்ளே தங்கிய குளோரைடு உப்பு செம்பை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது அதை உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் அன்றே கொடுத்துவிட வேண்டும்.